ஐந்து தசம் ஒன்று

கண் தெரியாத மனிசிக்கு ஹோம் தியேற்றர் என்னத்துக்கு என்று எங்கள் ஒழுங்கையில் கேட்காத ஆள் இல்லை. சந்தையில் கேட்டார்கள். அவவின் சேர்ச் வாசலில் கேட்டார்கள். என்னிடமும் கேட்டார்கள், அவவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனது நான் என்பதால். நான் உதயகலா, பக்கத்து வீடு, கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. கேட்டவர்களுக்கெல்லாம் அவவிடமே போய்க் கேளுங்கோ என்று சொல்லிவிட்டேன். ஒருத்தரும் போகவில்லை.

பியாட்றிஸ் அக்காவிடம் போய் அப்படிக் கேட்பது லேசான காரியம் இல்லை. சாவகச்சேரி நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவ. இரண்டு சட்டத்தரணிமார் ஒரே நேரத்தில் கத்துவார்கள், கூண்டில் நிற்கிற ஆள் வாய்க்குள் முணுமுணுப்பார், இவ தலை நிமிராமல் எல்லாவற்றையும் எழுதி முடிப்பாவாம். கலியாணம் கட்டவில்லை. தகப்பன் வீட்டை அவவுக்குத்தான் கொடுத்துவிட்டுப் போனவர்.

ஐம்பது வயது தாண்டக் கண்ணில் அழுத்தம் கூடத் தொடங்கியது. மருந்து விட்டா, யாழ்ப்பாணத்தில் ஒருமுறையும் கொழும்பில் ஒருமுறையும் வெட்டிப் பார்த்தார்கள். கடைசியில் வெளிச்சம் இருட்டு மட்டும்தான் மிஞ்சியது. வேலையை முன்கூட்டியே விட்டா. அப்போதுதான் வவுனியாவில் வாடகைக்கு இருந்த தம்பி நதானியேலும் அவர் மனைவி ஜெனிற்றாவும் அக்காவைப் பார்க்கவென்று இங்கே வந்து சேர்ந்தார்கள். பார்த்தார்கள், அதில் நான் குறை சொல்லமாட்டேன். நேரத்துக்குச் சாப்பாடு, மருந்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை எல்லாம் ஒழுங்கு. ஆனால் வீட்டில் ஒவ்வொன்றாக அவவைக் கேட்காமல் நடக்கத் தொடங்கியது. அலுமாரி இடம் மாறியது. வாசல் பக்கத்து மாமரம் தறிபட்டது. ஒருநாள் அவவின் அறையில் இருந்த ரீவி ஹோலுக்குப் போனது.

"மச்சாளுக்கு உது இனித் தேவையில்லைத்தானே" என்று ஜெனிற்றா சொன்னாவாம். மனதில் கெட்ட எண்ணம் வைத்துச் சொன்னதில்லை. அதனால்தான் அக்காவுக்கு அது இன்னும் கூடச் சுட்டது என்று நினைக்கிறேன்.

அவ படப் பைத்தியம். வேலை செய்த காலத்தில் புதுப்படம் வந்தால் சனிக்கிழமை பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. கண் போன பிறகு ஹோலுக்கு வந்து இருந்து ரீவியைக் கேட்டுப் பார்த்தா. அந்த ரீவியின் சத்தம் முதுகுப் பக்கத்தால் சுவரை நோக்கி வந்தது. ஆர் கதைக்கிறது, ஆர் அழுகிறது, கதவு திறந்ததா மூடினதா, ஒன்றும் பிடிபடாது. "தகரப் பேணிக்குள்ளை ஆக்களைப் போட்டுக் குலுக்கிற மாதிரிக் கிடக்கு" என்று எனக்குச் சொல்லியிருக்கிறா.

போன வருசம் ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் நான் யாழ்ப்பாணத்துக்குத் துணி எடுக்கப் போனபோது தானும் வருகிறேன் என்றா. துணிக்கடையால் வெளிக்கிட, "இனி ஒரு படத்துக்குப் போவம்" என்றா. எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது, ஆனால் மறுக்க மனம் வரவில்லை. புதிதாய்க் கட்டின தியேற்றர், சுவரெல்லாம் ஸ்பீக்கர் பெட்டி பூட்டியிருந்தது. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் என் கையைப் பிடித்தா. படத்தில் மழை. அவ தலையை மெல்ல நிமிர்த்தி, பிறகு இடப்பக்கம் திருப்பி, பிறகு பின்னுக்குத் திருப்பினா. "கலா, இப்ப ஒரு ஆள் பின்பக்கத்தாலை வந்து இடக்கைப் பக்கமாக் கதவைத் திறந்தது, என்ன?" என்று கேட்டா. நான் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவ சொன்ன பிறகுதான் அந்த ஆள் இடப்பக்கத்தால் திரைக்குள் வந்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னா, "எனக்கு உது வீட்டிலை வேணும்."

அடுத்து வந்த நாட்களில் அவவின் போன் ஓயவில்லை. அந்தப் போன் எழுத்தை வாசித்துச் சொல்லும். எங்களுக்கு விளங்காத வேகத்தில் வைத்துக் கேட்பா. இங்கிலீசில் எத்தனையோ பக்கங்களை அப்படி வாசிக்கவைத்தா. முதலில் அவவுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் எண்ணும் எழுத்துமாக இருபது பெயர். "உவை வேணுமெண்டுதான் ஆக்களைக் குழப்புறதுக்கு எழுதினவை" என்று திட்டிவிட்டுத் திரும்ப முதலில் இருந்து கேட்பா.

ஒருநாள் மாலை எனக்கு விளங்கப்படுத்தினா. "ஐந்து தசம் ஒன்று எண்டால் என்ன தெரியுமோ? கோர்ட்டை நினைச்சுக்கொள். நீ நடுவிலை இருக்கிறாய். நேர முன்னுக்கு நீதவான். இடப்பக்கம் ஒரு லோயர், வலப்பக்கம் ஒரு லோயர். பின்னுக்கு இரண்டு பக்கமும் சனம் குசுகுசுக்குது. ஐந்து திக்கு, ஐந்து பெட்டி. வெளியிலை ஏ-ஒன்பது றோட்டாலை பெரிய லொறி போனால் நாங்கள் இருக்கிற வாங்கு அதிருமே, அந்த அதிர்வுக்கு மட்டும் ஒரு பெரிய பெட்டி. அதுதான் தசம் ஒன்று. கதைக்கிற கதை முழுக்க நீதவானின்ரை இடத்திலை, நடுப் பெட்டியாலை வரும். அதுதான் எனக்கு வேணும்."

எனக்கு அதற்குப் பிறகு அது மறக்கவில்லை.

சுபாஸின் ரீவி ரேடியோக் கடை பஸ் நிலையத்துக்குக் கிட்ட. நாற்பது வயது ஆள், மரியாதையானவர். நதானியேல் அண்ணையும் எங்களோடு வந்திருந்தார், மனமில்லாமல். சுபாஸ் எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு அண்ணையிடம் கேட்டார், "ஆருக்கு அண்ணை?"

"எனக்கு" என்றா பியாட்றிஸ் அக்கா.

சுபாஸ் திரும்பவும் அண்ணையைப் பார்த்துத்தான் கதைத்தார். "அப்பிடியெண்டால் புது ரீவியும் சேர்த்து எடுங்கோ அண்ணை. நாலு கே. பழையதைவிட நாலு மடங்கு புள்ளி. நிறமும் கறுப்பும் அப்பிடியே கண்ணுக்கு முன்னாலை நிக்கும்."

"தம்பி, இஞ்சாலை பாருங்கோ" என்றா அக்கா. "வாங்கிறது நான். கதையை என்னோடை வைச்சுக்கொள்ளுங்கோ. நாலு கேயும் எனக்கு ஒண்டுதான், நாப்பது கேயும் ஒண்டுதான். வீட்டிலை இருக்கிற ரீவியிலை அவைக்குப் படம் தெரியுது, காணும். எனக்குத் தனி அம்பிளிபயரோடை ஐந்து பெட்டியும் அதிர்வுக்கு ஒரு வூஃபரும் வேணும். நடுப் பெட்டி ஆகச் சின்னதாய் இருந்தால் எடுக்கமாட்டன்."

சுபாஸுக்கு முகம் சிவந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவவுக்கு நேரே நின்றுதான் கதைத்தார். பெட்டி ஒவ்வொன்றையும் அவவின் கையில் கொடுத்தார். அவ தூக்கிப் பார்த்தா, பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தா, பாட்டுப் போடவேண்டாம், ஆக்கள் கதைக்கிற காட்சி ஒன்று போடுங்கோ என்று கேட்டா. பாட்டு எந்தப் பெட்டியிலும் நல்லாத்தான் இருக்குமாம்.

சாமான் வந்த அன்றைக்கு நான் சங்கக்கடையில். மாலை போய்ப் பார்த்தால், ஐந்து பெட்டியும் ரீவிக்குக் கீழே வரிசையாக நிற்கின்றன. ஜெனிற்றாதான் அப்படி வைக்கச் சொன்னாவாம். கிறிஸ்மசுக்குப் பெயின்ற் அடித்த சுவர், அதில் வயர் இழுக்க விடமாட்டேன் என்று. பூட்ட வந்த ஆளும் வேலை லேசு என்று வைத்துவிட்டுப் போய்விட்டான். சத்தம் வீடு அதிர வந்தது. நதானியேல் அண்ணைக்குச் சந்தோசம். அக்கா கதிரையில் இருந்து கொஞ்ச நேரம் கேட்டா.

"பின்னுக்கு ஒண்டும் இல்லையே. எல்லாம் முன்னுக்கு நிக்குது" என்றா. "இரண்டு பெட்டி எனக்குப் பின்னாலை வரவேணும்."

"அக்கா, நல்ல சத்தம்தானே. உங்களுக்கு உதிலை வித்தியாசம் தெரியப்போகுதோ?" என்று கேட்டார் அண்ணை.

அவ ரிமோட்டைத் தடவி எடுத்துச் சத்தத்தை நிற்பாட்டினா.

"நதானி, இந்த வீடு ஆரின்ரை?"

தம்பி குடும்பம் வந்து இத்தனை வருசத்தில் அவ அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. ஜெனிற்றா கையில் அகப்பையோடு குசினி வாசலில் நின்றா.

"மாமரத்தைத் தறிச்சியள், நான் கதைக்கேல்லை. அலுமாரியை மாத்தினியள், ஒரு கிழமையா நெற்றியிலை இடிபட்டன், கதைக்கேல்லை. என்ரை ரீவியைத் தூக்கினியள், அதுக்கும் கதைக்கேல்லை. எனக்குக் கண்தான் போனது. வித்தியாசம் தெரியுமோ எண்டு என்னட்டைக் கேக்கிறதெண்டால், பிறகு நான் இஞ்சை உசிரோடை இருக்கிறதெண்டு ஆர் சொன்னது? பெட்டி இரண்டும் பின்னுக்கு வரும். சுவரிலை ஆணியும் அடிபடும்."

அண்ணையே ஏணி வைத்து ஆணி அடித்தார். நான் வயரைப் பிடித்துக் கொடுத்தேன்.

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தோம். மறுநாள் படம் ஒன்று போட்டால், பின்னுக்கும் சத்தம் வந்தது, எல்லாருக்கும் திருப்தி. அக்காவுக்கு இல்லை. "முன்னுக்கு ஒரு பொம்பிளை கதைக்கிறாள். பின்னுக்கும் அவளே அதே கதையைக் கதைக்கிறாள். இந்தப் படத்திலை எத்தினை பொம்பிளையள்?" என்று கேட்டா. சுபாஸுக்குப் போன் போட்டா. ஐந்து பெட்டியும் பாடுதுதானே அக்கா, எல்லாரும் அப்படித்தான் கேட்கிறவை, அதனால் அப்படி வைக்கச் சொன்னேன் என்றார் அவர்.

"கலா, அம்பிளிபயரின்ரை முகத்திலை என்ன எழுத்து ஓடுது, வாசி."

எல்லாப் பெட்டியிலும் ஸ்ரீரியோ என்று அர்த்தப்படுகிற மாதிரி இங்கிலீசில் இருந்தது. வாசித்தேன். அவ சொன்ன பொத்தானை அழுத்த எழுத்து மாறியது. மாறினதும் பின் பெட்டி இரண்டும், நடுப் பெட்டியும் செத்துப்போயின. ஜெனிற்றா, "ஐயோ, பழுதாக்கிப்போட்டியளே" என்றா.

"பழுதாகேல்லை. இவ்வளவு நேரமும் பொய் சொன்னது, இப்பதான் உண்மையைச் சொல்லுது. ரீவியிலையிருந்து இரண்டு வழிச் சத்தம்தான் வருகுது. அதையே அஞ்சாப் பிரிச்சுக் காட்டினது." எழும்பிப்போய் ரீவிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினா. "என்ன வயர் இது? இரண்டு முனை இருக்கு."

"சிவப்பும் வெள்ளையும்" என்றேன்.

"இடத்துக்கு ஒண்டு, வலத்துக்கு ஒண்டு. அஞ்சு பேர் கதைக்கிற கதையை இரண்டு பேர் போற ஒழுங்கைக்குள்ளை விட்டால் எப்பிடி?"

அடுத்த நாள் சுபாஸ் தானே வந்தார், தட்டையான முனை உள்ள வேறு வயரோடு. எச்.டி.எம்.ஐ. ரீவியில் அதற்கு மூன்று துளை இருந்தது. அதில் ஒன்றுக்குத்தான் சத்தத்தை வெளியே அனுப்பும் வழி உண்டு என்று அக்கா சொல்ல, அவர் போன் வெளிச்சத்தில் தேடிக் கண்டுபிடித்தார். அப்போதும் இரண்டு வழிதான் வந்தது. நானும் சுபாஸும் ரீவிக்குள் ஒளிந்து கிடந்த பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்தோம், அக்கா கதிரையில் இருந்து, அடுத்தது, அடுத்தது என்றுகொண்டு இருந்தா. ஒரு இடத்தில் பி.சி.எம் என்று இருந்தது. "அதுதான். அது ரீவி தானே சத்தத்தை உடைச்சு, இரண்டாக்கி அனுப்புறது. வந்ததை உடைக்காமல் அப்பிடியே அனுப்பச் சொல்லி ஒண்டு இருக்கும், மாத்துங்கோ."

சுபாஸ் மாற்றினார். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "உண்மையைச் சொன்னால் அக்கா, நானும் இதை இண்டைக்குத்தான் பாக்கிறன். கடையிலை ஒருத்தரும் கேக்கிறதில்லை" என்றார்.

"நானும் மூண்டு மாசம் முந்தி ஒண்டும் தெரியாத ஆள்தான். இனி வாறவைக்குச் சொல்லுங்கோ" என்றா அக்கா.

அம்பிளிபயரின் முகத்தில் இப்போது டொல்பி என்று எழுத்து வந்தது. படம் ஓடியது. ஒரு வீடு, இருட்டு, ஒரு பொம்பிளை தனியே இருக்கிறாள். அவளின் மூச்சு நடுவில் கேட்டது. திடீரென்று பின்னால், இடப்பக்கம், கதவில் மூன்று தட்டு. ஜெனிற்றா எழும்பிப்போய் வீட்டு முன்கதவைத் திறந்து வெளியே பார்த்தா. சுபாஸும் கழுத்தைத் திருப்பினார். அக்கா அசையவில்லை.

"வாசலிலை ஒருத்தரும் இல்லை ஜெனிற்றா. வந்து இரு" என்றா.

அன்றிலிருந்து ஜெனிற்றாவின் முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் சண்டை முடியவில்லை. ஒரு ஞாயிறு மத்தியானம் நதானியேல் அண்ணை கூட்டாளி ஒருவரிடம் இருந்து பென்ட்ரைவில் படம் கொண்டுவந்தார். படம் பளிச்சென்று வந்தது. சத்தம் மட்டும் ஒரு துளியும் இல்லை. இந்தச் சத்த வகை எனக்கு விளங்காது என்கிற மாதிரி ஒரு வரியை ரீவி காட்டியது. அண்ணை, "பரவாயில்லை, கீழை எழுத்து ஓடுது, பாப்பம்" என்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் ஜெனிற்றாவும் எதையோ பார்த்துச் சிரித்தார்கள். அக்கா அவர்களுக்கு நடுவில், ஒன்றும் இல்லாத அமைதியைக் கேட்டுக்கொண்டு இருந்தா.

பிறகு எழும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பிளக்கைப் பிடுங்கினா.

"எனக்குக் கேக்காத படம் இந்த ஹோலிலை ஓடாது."

"மறந்துபோனன் அக்கா" என்றார் அண்ணை. உண்மையாகவே மறந்துதான் போயிருந்தார். அது பொய்யில்லை என்று அவர் குரலில் தெரிந்தது.

"அதைத்தான் நானும் சொல்லுறன்" என்றா.

அந்தக் கிழமை அதையும் படித்தா. படத்தின் பெயருக்குப் பின்னால் வருகிற எம்.பி.நாலு, எம்.கே.வி எல்லாம் வெறும் பையாம். கொடிகாமம் சந்தையில் தூக்கிவருகிற பைக்குள் கத்தரிக்காயும் இருக்கலாம், மீனும் இருக்கலாம், பையைப் பார்த்துச் சொல்ல ஏலாது என்றா. படத்தைச் சுருக்கி வைக்க ஒரு முறை, சத்தத்தைச் சுருக்கி வைக்க வேறு முறை. ரீவிக்கு ஒன்று தெரிந்து மற்றது தெரியாவிட்டால் இப்படித்தான் ஊமைப்படம் வருமாம். ஒரே பைக்குள் இரண்டு மூன்று சத்தமும் இருக்கலாம், தேடினால் மாற்றலாம். தேடினோம். இரண்டாவதாக ஒன்று ஒளிந்து கிடந்தது. படம் கதைக்கத் தொடங்கியது.

இப்படித் தேடப்போய்த்தான், கண் தெரியாதவர்களுக்கென்றே சில படங்களில் தனிச் சத்தம் இருப்பதை அறிந்தா. திரையில் நடப்பதை ஒரு குரல் இடையிடையே சொல்லும். ஒரு இங்கிலீஸ் படத்தில் அதைப் போட்டுக் கேட்டா. நன்றாகச் சொன்னான் அந்த ஆள். ஆனால் அந்தச் சத்தம் இரண்டு வழியில்தான் இருந்தது. பின் பெட்டிகள் அமைதி. "எனக்கெண்டு செய்ததிலைதான் மிச்சம் பிடிச்சிருக்கினம்" என்றா. தமிழில் தேடினா, அவவுக்கு ஒன்றும் அகப்படவில்லை. இன்ரநெற்றில் காசு கட்டிப் படம் பார்க்கிற இடத்தின் இலக்கத்துக்குப் போன் எடுத்து, தமிழில் ஏன் இல்லை, இருக்கிறதில் ஏன் ஐந்து வழி இல்லை என்று கேட்டா. குறித்துக்கொண்டோம் என்றார்களாம். பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு, திரும்ப எடுப்பேன் என்று சொல்லிவிட்டு வைத்தா. திரும்பவும் எடுத்தா. இன்றைக்கும் எடுக்கிறா.

அதற்கிடையில் சனிக்கிழமைப் படங்களில் திரையில் நடப்பதை ஜெனிற்றா தானாகவே சொல்லத் தொடங்கினா. "இப்ப அவன் பாவம் எண்டு நினைச்சு அவளைப் பாக்கிறான் மச்சாள்..."

"அவன் நினைச்சது உனக்கு எப்பிடித் தெரியும்? கண்ணாலை கண்டதை மட்டும் சொல்லு."

"அவன்... அவளைப் பாக்கிறான். கண் கலங்கியிருக்கு."

"இப்ப சரி. கதவு திறந்தது, கார் வந்தது எல்லாம் சொல்லாதை. அது எனக்குக் கேக்குது."

ஜெனிற்றா கோபித்துக்கொண்டு இரண்டு சனிக்கிழமை படத்துக்கு வரவில்லை. பிறகு வந்து இருந்தா. இப்போது குறைத்துத்தான் சொல்லுவா, ஆனால் சரியாகச் சொல்லுவா.

கண் கிளினிக்கில் பியாட்றிஸ் அக்காவுக்குப் பழக்கமான ஒருவர் இராசநாயகம் ஐயா. கொடிகாமத்தில் மரக்கறி வியாபாரம் செய்தவர், நீரிழிவு வருத்தம் கண்ணைக் கொண்டுபோனது. போன மாதம் அவரையும் மனைவியையும் சனிக்கிழமை படத்துக்கு வரச் சொல்லியிருந்தா. அவர்கள் பஸ்ஸால் இறங்கி ஒழுங்கைக்குள் வரும்போது நதானியேல் அண்ணை அக்காவிடம் மெல்லச் சொன்னார், "அக்கா, ஒவ்வொருத்தராக் கூப்பிட்டால்... இது வீடு, தியேற்றர் இல்லை."

"பெட்டியிலை ஹோம் தியேற்றர் எண்டுதான் போட்டிருக்கு. எனக்கு வாசிச்சுக் காட்டினது நீதான். போய் ஐயாவின்ரை கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வா, படியிலை தடக்கப்போறார்."

அண்ணை போனார். சேட்டுக் கொலரைச் சரிசெய்துகொண்டுதான் போனார்.

இராசநாயகம் ஐயா முதல் கால்மணித்தியாலம் தலையை இங்கும் அங்கும் திருப்பினபடி இருந்தார். பிறகு சத்தத்தை இன்னும் கூட்டச் சொன்னார். அக்கா மறுத்தா. "கூட்டினால் எல்லாம் ஒண்டாய் வரும் ஐயா. இதிலையே கேளுங்கோ." அவர், தான் சந்தையில் கூவி விற்றவன், தனக்குச் சத்தம் காணாது என்றார். அக்கா, அது உங்கடை சந்தை, இது என்ரை ஹோல் என்றா. அவர் மனைவி சிரித்தா.

படத்தின் நடுவில் ஒரு மனிசன் இருட்டில் வேலி பாய்ந்து வருகிற காட்சி. அவன் வலப்பக்கத்தால் வந்தான் என்றார் ஐயா. இல்லை, வலப்பக்கத்தில் பாய்ந்து, எங்களுக்குப் பின்னால் சுற்றி, இடப்பக்கத்தால் வந்தான் என்றா அக்கா. இரண்டு பேரும் விடவில்லை. கடைசியில் நதானியேல் அண்ணையைக் கேட்டார்கள். அண்ணை திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருட்டா இருந்தது, எனக்கு வடிவாத் தெரியேல்லை" என்றார்.

"அப்ப திரும்பப் போடுங்கோ" என்றார் இராசநாயகம் ஐயா.

ரிமோட் என் கையில் இருந்தது. வேலி பாய்கிற இடத்துக்குத் திருப்பிப் போட்டேன். அண்ணை இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.